பக்கபலம் இல்லாமல் பாடம் நடக்காது

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்ததும், தேர்ச்சி விழுக்காடு குறைந்த அரசு உயர்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. அவர்கள் அதே கேள்வியைப் பாட ஆசிரியரிடம் கேட்கிறார்கள். அந்த ஆசிரியர் பாடம் நடத்துவதற்குப் பள்ளியும் துறையும் என்ன செய்து கொடுத்தன என்பது மட்டும் விசாரணைக்கு வருவதேயில்லை. ஈடுபாடு என்பதை ஆளுடைய குணம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அது பெரும்பாலும் பணியிடத்தில் வளர்வது, பணியிடத்திலேயே தேய்வது.

பின்லாந்தில் 805 ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. மாணவர்களின் ஒழுங்கீனம் ஆசிரியரின் ஈடுபாட்டைக் குறைக்கிறது. மேலதிகாரியின் ஆதரவும் பாராட்டும் நல்ல பணிச்சூழலும் இருந்தால் அந்தப் பாதிப்பு தணிகிறது. ஒழுங்கீனம் மிகுந்த வகுப்புகளில்தான் இந்த ஆதரவு கூடுதலாகக் கைகொடுக்கிறது என்றது அது. கேள்வித்தாள் வழியே அறிந்தது என்பதால், ஈடுபாடு உள்ளவர் கண்ணுக்கு ஆதரவும் அதிகமாகத் தெரிந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. இருந்தாலும் அதன் கடைசி முடிவு நமக்கு முக்கியம். எட்டாம் வகுப்புவரை அனைவருக்கும் தேர்ச்சி தரும் தமிழ்நாட்டில், ஒரு பத்தியை எழுத்துக்கூட்டி வாசிக்கும் மாணவனும் இயற்கணிதக் கணக்கைத் தானே போட்டு முடிக்கும் மாணவியும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே அறையில் உட்காருகிறார்கள். பாடம் புரியாதவன் வகுப்பைக் கலைக்கிறான். அந்த வகுப்பின் ஆசிரியரைவிடத் துணை தேவைப்படுபவர் யார்?

ஆனால் அவருக்குக் கிடைப்பதோ வேறு. காலைச் சிறப்பு வகுப்பு முடிந்து முதல் பாடவேளைக்குள் நுழைந்ததும் செல்பேசிச் செயலியில் வருகையைப் பதிய வேண்டும். சிக்னல் வரும்வரை கரும்பலகை காத்திருக்கும். பிறகு ‘எமிஸ்’ எனும் கல்வித் தகவல் தளத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பெற்றோர் செல்பேசி எண். நோட்டும் சீருடையும் வந்திறங்கினால் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் பெறும் வேலை. எழுத்தர் பணியிடம் காலியென்றால் இவையெல்லாம் ஆசிரியர் தலையில்தான். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தரவேற்றத்தைக் கல்விப் பணி என்று சொல்லிவிட்டால் சட்டம் வாயடைத்துப் போகிறது. ஆசிரியர் சங்கங்கள் எமிஸ் சுமையைப் பற்றித் திரும்பத் திரும்ப முறையிடுவதை வேலையைத் தட்டிக்கழிக்கும் சாக்கு என்று ஒதுக்குவது அநீதி.

‘கை நிறையச் சம்பளம், போதாதற்கு ஆதரவும் வேண்டுமா?’ என்பார்கள். இந்தியாவின் 20 மாநிலங்களில் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கால்வாசிப் பேர் பணியில் இல்லை எனக் கண்டது. கூடுதல் சம்பளம் வாங்குபவர்கள் பணிக்கு வராமல் இருப்பது குறைவு என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. கட்டட வசதி நன்றாக இருந்த பள்ளிகளிலும், அண்மையில் அதிகாரிகள் வந்து பார்த்த பள்ளிகளிலும் வராதோர் குறைவு. ‘அப்படியானால் கண்காணிப்புதானே மருந்து?’ என்று இதையே திருப்பிக் கேட்கலாம். ஆள் வருவதற்குக் கண்காணிப்பு உதவும், மறுக்கவில்லை. வந்தவர் மனம் வைத்து நடத்துவதற்கு அது போதாது; அதே ஆய்வில் மொத்த ஆசிரியர்களில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். பதிவேட்டைப் புரட்டி 17ஏ, 17பி ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டிவிட்டுப் போகும் அதிகாரியும், கடைசி பெஞ்சில் அமர்ந்து ஒரு பாடவேளை முழுக்கக் கவனித்துப் பேசும் அதிகாரியும் செய்வது ஒரே வேலை அல்ல.

ஆதரவு என்பது தட்டிக்கொடுப்பது மட்டுமில்லை. வகுப்பில் சிக்கல் வெடிக்கும்போது பெற்றோர் முன்னால் ஆசிரியரைக் கைவிடாமல், அவர் பக்கத்தையும் கேட்டுவிட்டுப் பேசும் தலைமை ஆசிரியர் வேண்டும். பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள் வேண்டும். காலிப் பணியிடம் பாதிக் கல்வியாண்டுவரை நீளக் கூடாது. சிறிய உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். ஐயம் கேட்கவும் ஆளில்லை. பக்கத்துப் பள்ளிக் கணித ஆசிரியர்களோடு அவர் மாதம் ஒருநாள் உட்கார்ந்து, பின்தங்கிய மாணவர்களின் விடைத்தாள்களை வைத்துப் பேச நேரம் ஒதுக்கலாம். அந்த நாளில் சுற்றறிக்கை வாசிப்பதற்கு யாரும் வரக் கூடாது.