பெரிய கணினிகளைப் புதுப்பிக்கும் முறை



நம் சம்பளம் வங்கிக் கணக்கில் சேருகிறது. சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடுகிறோம். இந்தக் கணக்குகளெல்லாம் எங்கே இருக்கின்றன? சர்வர் எனப்படும் பெரிய கணினிகளில் இருக்கின்றன. கேட்பவர்களுக்கெல்லாம் இரவு பகலாகத் தகவலை எடுத்துக் கொடுப்பதே சர்வரின் வேலை. அவற்றின் மென்பொருளை எவ்வாறு புதுப்பிக்கிறார்கள் என்பதே இன்று நாம் தெரிந்துகொள்ளவிருக்கும் செய்தி.

கணினியின் உறுப்புகளை இயக்கி, மற்ற மென்பொருள்களுக்கு இடம் கொடுக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். வங்கி, மருத்துவமனை போன்ற நிறுவனங்களுக்கென்றே தயாரிக்கப்படும் இயங்குதளங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ். இதனையே இன்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒழுங்காக ஓடும் மென்பொருளை ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மென்பொருள் மனிதர் எழுதியது. அதில் பிழைகள் இருக்கும். சில பிழைகள் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளாக அமைந்துவிடும். ஓட்டை தெரிய வந்ததும் அதை அடைக்கும் திருத்தத்தைத் தயாரிப்பாளர் வெளியிடுவார். ஆனால் அந்த அறிவிப்பைத் திருடனும் படிக்கிறான் அல்லவா? ஆகவே திருத்தம் வெளிவந்த பிறகு தாமதிப்பது ஆபத்து.

இதற்கு ஒரு சான்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று விண்டோஸ் இயங்குதளத்துக்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, வான்னாகிரை என்னும் தீய மென்பொருள் அதே ஓட்டையின் வழியாக உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவச் சேவையின் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளைப் பார்க்கும் சந்திப்புகள் 19,000க்கு மேல் தள்ளிப்போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். திருத்தம் கையில் இருந்தும் அதைப் போடாமல் விட்டதன் விலை அது.

அப்படியானால் வந்தவுடன் எல்லாக் கணினியிலும் போட்டுவிடலாமா? அதுவும் சரியன்று. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஒரு கோப்பைத் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பியது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பல நாடுகளில் விமானப் பயணங்கள் இரத்தாயின. அந்நிறுவனம் 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆயினும் அதற்குள் விழுந்துவிட்ட கணினிகள் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சென்று கையாலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது.

தாமதமும் கெடுதி, அவசரமும் கெடுதி. இரண்டுக்கும் நடுவே ஒழுங்கான வழி ஒன்று உண்டு. தோட்டத்து மக்களுக்கு அது புதிதன்று. மறுநடவு செய்யும்போது தோட்டத்திலுள்ள எல்லா மரங்களையும் ஒரே நாளில் சாய்ப்பதில்லை. ஒரு காட்டில் கன்று நடுவார்கள். மற்றக் காடுகளில் பால்வெட்டு நடந்துகொண்டிருக்கும். சர்வர்களையும் அவ்வாறே பகுதி பகுதியாகப் புதுப்பிக்க வேண்டும்.

அதன் படிகளைப் பார்ப்போம். முதலாவது, தகவல்கள் அனைத்துக்கும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். அந்த நகலிலிருந்து தகவலைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

இரண்டாவது, பொதுமக்கள் பயன்படுத்தாத சோதனைக் கணினி ஒன்றில் திருத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு சில சர்வர்கள், அதன் பிறகே மற்றவை. வேலை குறைந்த நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

மூன்றாவது, மென்பொருளை நம்பத்தக்க இடத்திலிருந்தே பெற வேண்டும். ரெட் ஹேட் இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டு, களஞ்சியம் ஒன்றில் இருக்கும். டிஎன்எஃப் என்னும் கருவி அங்கிருந்து அவற்றைக் கொண்டுவரும். ஒரு பொதிக்குத் துணையாக வேறு என்னென்ன வேண்டும் என்பதை அதுவே கணக்கிடும். பட்டியலைக் காட்டிச் சம்மதம் கேட்கும். பொதியில் உள்ள மின்கையொப்பம் தயாரிப்பாளருடையதுதானா என்றும் சரிபார்க்கும்.

நான்காவது, திரும்பி வர வழி வைத்திருக்க வேண்டும். டிஎன்எஃப் தான் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கிறது. பழைய பொதிகள் களஞ்சியத்தில் இருந்தால், செய்ததைத் திருப்பிவிடவும் முடியும். இயங்குதளத்தின் கருப்பகுதியைப் புதுப்பிக்கும்போது பழையதை அழிப்பதில்லை. வழக்கமாக மூன்று பதிப்புகளை வைத்திருக்கும். புதியது ஓடவில்லையென்றால், கணினியை மீண்டும் தொடங்கும்போது பழையதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பால் மரத்துக்கு இருப்பதுபோல இயங்குதளத்துக்கும் பயன்தரும் காலம் என ஒன்று உண்டு. ரெட் ஹேட் தன் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஏறத்தாழ 10 ஆண்டு திருத்தங்கள் தருகிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் மென்பொருளை மாற்றிவிடாமல், பழைய பதிப்பிலேயே ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுக்கிறது. நிறுவனங்கள் விரும்புவது இந்த நிலைத்தன்மையைத்தான். 2014இல் வெளிவந்த 7ஆம் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. அதிலிருந்து 9ஆம் பதிப்புக்குப் போக விரும்பினால், லீப் என்னும் கருவியைக் கொண்டு முதலில் 8, பிறகு 9 என்று படிப்படியாகவே ஏற வேண்டும். புறப்படுமுன் அக்கருவி கணினியை ஆராய்ந்து, தடையாக இருப்பவற்றைப் பட்டியலிட்டுத் தரும். தடைகளை நீக்கிய பின்பே மேலே செல்ல விடும்.

பெற்றோர்களே, இதையெல்லாம் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? முதலாவது, நம் கையிலுள்ள தொலைபேசிக்கும் இதே விதி பொருந்தும். அதன் புதுப்பிப்பை ஒத்திப்போடாதீர்கள். முக்கியமான படங்களுக்கும் கடிதங்களுக்கும் நகல் எடுத்து வையுங்கள். யாரோ அனுப்பிய செய்தியிலுள்ள இணைப்பை அழுத்திப் புதுப்பிக்காதீர்கள். தொலைபேசியின் அமைப்புப் பகுதிக்குச் சென்றே செய்யுங்கள்.

இரண்டாவது, சர்வர்களைப் பராமரிப்பது நல்ல தொழில். நம் பிள்ளைகளுக்கு அது எட்டாத கனியன்று. ரெட் ஹேட்டை ஒத்த ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவை 2021 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. மிகப் பழையதல்லாத ஒரு கணினியும் இணையத் தொடர்பும் இருந்தால் வீட்டிலேயே பழகலாம். மகனோ மகளோ கணினியின் முன் உட்கார்ந்து கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தால், விளையாட்டு என்று எண்ணி உடனே அதட்டிவிடாதீர்கள். என்ன செய்கிறாய் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். முன்பு நகல் எடுத்தாயா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை.