விசைமேல் விரல் வைக்குமுன்!

துப்பாக்கி என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவன் யார்? திரையிலே தோன்றும் வீரன்! இடுப்பிலே உறை. இமைப்பொழுதிலே உருவுகிறான். உருவிய கை உயருமுன்பே சுடுகிறான். பத்துப் பேர் சுருண்டு விழுகிறார்கள். அவன் சட்டையிலே கசங்கல் இல்லை. நெற்றியிலே ஒரு துளி வியர்வை இல்லை. கொட்டகையிலே எழும் கையொலி கூரையைப் பிளக்கிறது!

தோழர்களே, அந்தக் காட்சி அத்தனையும் பொய். அது பொய் என்பதை மெய்ப்பித்தவர்கள் துப்பாக்கியை வெறுப்பவர்கள் அல்லர்; அதையே நாள்தோறும் கையிலே பிடித்துப் பழகியவர்கள். அவர்கள் வெயிலிலே நின்று, ஓடி, விழுந்து, எழுந்து கற்ற பாடம் ஒன்று உண்டு. அந்தப் பாடத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

'பாட்டாளிகள் படிக்கும் ஏட்டிலே துப்பாக்கிக்கு என்ன வேலை?' என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். விடையைக் கட்டுரையின் முடிவிலே நீங்களே சொல்வீர்கள்.

வென்றவன் யார்?

பழங்காலத்துக் கைத்துப்பாக்கிப் போட்டி அசையாமல் நடந்தது. சுடுபவன் ஓரிடத்திலே நிற்பான். ஒரு கையை நீட்டுவான். எதிரே வட்டக் குறி. அவசரமே இல்லை. அழகான கலைதான், ஆனால் ஆபத்து வந்தால் எவனும் அப்படி நின்றுகொண்டிருக்க முடியாது.

1950களிலே அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே சிலர் வேறு விதமான போட்டியைத் தொடங்கினார்கள. அவர்களிலே முன்னின்றவர் ஜெஃப் கூப்பர். கடற்படைக் காலாட்படையிலே பணிபுரிந்தவர். அவருடைய அரசியல் வேறு, நம்முடைய அரசியல் வேறு. ஆயினும் கற்பிக்கும் கலையிலே அவர் வல்லவர் என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தப் போட்டி எளிமையானது. 21 அடி தொலைவிலே பலூன்கள். இருவர் அருகருகே நிற்பர். சைகை கிடைத்ததும் உறையிலிருந்து உருவித் தம் பலூன்களை உடைக்க வேண்டும். முதலில் முடித்தவன் வென்றான். வேகம்தானே வேண்டும்? எல்லாரும் திரைப்பட வீரனைப் போலவே இடுப்பளவிலிருந்து சுட்டார்கள். தோட்டாக்கள் பறந்தன; பலூன்கள் பல அப்படியே நின்றன!

1959இலே ஒருவர் வந்தார். பெயர் ஜாக் வீவர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் காவல்துறைக்காரர். அவர் இடுப்பிலிருந்து சுடவில்லை. இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பற்றினார். கண்ணுக்கு நேராக உயர்த்தினார். முனையிலுள்ள குறிமுள்ளைப் பார்த்தார். அதன் பிறகே சுட்டார். உயர்த்துவதற்கும் பார்ப்பதற்கும் நேரம் ஆகாதா? ஆகும். ஆனால் அவருடைய குண்டு பட்டது! மற்றவர்கள் வேகமாகத் தவறவிட்டு, தவறவிட்டதற்காக மீண்டும் சுட்டு, அதையும் தவறவிட்டுக் கொண்டிருந்த நேரத்திலே, அவர் நிதானமாக ஒவ்வொன்றாக உடைத்து முடித்தார்.

தோற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போய்விடவில்லை. அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கூப்பரே அந்த முறையை ஊரறியப் பரப்பினார். இன்று உலகெங்கும் கைத்துப்பாக்கியை இரு கைகளாலும் பிடிக்கக் கற்பிக்கிறார்களே, அந்த மாறுதலுக்குப் பெருங்காரணம் இதுதான்.

கணக்கு சொல்லும் நீதி

1976ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலே கொலம்பியா என்ற ஊரிலே பல நாட்டு வீரர்கள் கூடினார்கள். அனைத்துலகச் செயல்முறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு அங்கே பிறந்தது. முதல் தலைவர் கூப்பர். அதன் முழக்கம் மூன்று இலத்தீன் சொற்கள். அவற்றின் பொருள்: துல்லியம், வலிமை, வேகம். வரிசையைக் கவனியுங்கள். துல்லியம் முதலிலே நிற்கிறது. வேகம் கடைசியிலே நிற்கிறது!

முழக்கம் எழுதுவது எளிது. அதைக் கணக்கிலே கொண்டுவருவதுதான் கடினம். அவர்கள் அதையும் செய்தார்கள். அட்டைக் குறியின் நடுப்பகுதியிலே பட்டால் 5 புள்ளி. விலகிப் பட்டால் குறைவு. படாமலே போனால் 10 புள்ளி கழிவு. 'இவரைச் சுடாதே' என்று வைத்திருக்கும் அட்டை உண்டு. குற்றமற்றவர் என்று அதற்குப் பொருள். அதன்மேல் பட்டாலும் 10 புள்ளி கழிவு. கிடைத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். வரும் ஈவே ஒருவனுடைய தகுதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அட்டைகள் 6. ஒவ்வொன்றிலும் 2 குண்டு. ஆக 12 குண்டு, 60 புள்ளி.

முதலாமவன் 8 விநாடியிலே முடிக்கிறான், எல்லாம் நடுவிலே. 60ஐ 8ஆல் வகுத்தால் 7.5.

இரண்டாமவன் புயல்! 6 விநாடியிலே முடித்துவிட்டான். ஆனால் 2 குண்டு படவில்லை. மீதி 10 குண்டுக்கு 50 புள்ளி, கழிவு 20, நிற்பது 30. அதை 6ஆல் வகுத்தால் 5.

மூன்றாமவன் மிக மிகக் கவனம். எல்லாம் நடுவிலேதான். ஆனால் 15 விநாடி எடுத்துக்கொண்டான். 60ஐ 15ஆல் வகுத்தால் 4.

அவசரக்காரனும் தோற்றான், ஆமையாக நடந்தவனும் தோற்றான். சரியாகச் செய்வதை விரைவாகச் செய்யக் கற்றவனே வென்றான். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 'சீக்கிரம், சீக்கிரம்' என்று மேற்பார்வையாளர் கத்தும்போது, கெட்டுப்போன சாமானையும் நறுங்கிப்போன விரலையும் எந்தக் கணக்கிலே எழுதுகிறார்கள் என்று அவன் அறிவான். இங்கே தவறும் கணக்கிலே ஏறுகிறது. அதுதான் இந்த விளையாட்டின் சிறப்பு.

ஒரு நாள் பாடு

பயிற்சி நாள் எப்படி இருக்கும்? மூன்று பக்கமும் மண்மேடு. நான்காவது பக்கம் திறந்த வெளி. தலைக்கு மேலே கூரை இல்லை. காலையிலே முதல் வேலை சுடுவது அன்று, கேட்பது! பாதுகாப்பு விதிகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சொல்வார். பத்தாண்டு பழகியவனும் நேற்று வந்தவனும் ஒன்றாக நின்று கேட்க வேண்டும்.

பிறகு மரச்சட்டம் தூக்கும் வேலை. தட்டிகளை நட வேண்டும். அட்டைகளை ஆணியடித்து நிறுத்த வேண்டும். இரும்புக் குறிகளை இழுத்து வைக்க வேண்டும். இடையிலே தடுப்புச் சுவர், தாழ்ந்த சாளரம், குறுகிய வழி. இதற்கெல்லாம் கூலியாட்கள் வரமாட்டார்கள். சுடுகிறவர்களே செய்ய வேண்டும்.

ஒருவன் முறை வருகிறது. இடுப்பிலே கச்சை, அதிலே துப்பாக்கி, பக்கத்திலே நாலைந்து மேகசின்கள். காதிலே அடைப்பு, ஏனெனில் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டும், அடைப்பில்லாத காது கெட்டுவிடும். கண்ணிலே கண்ணாடி. களக் கண்காணிப்பாளர் அருகிலே நிற்கிறார். 'நிரப்பித் தயாராகு' என்கிறார். 'தயாரா?' என்கிறார். 'காத்திரு' என்கிறார். மணிக்கருவி கூவுகிறது!

உருவுகிறான். இரண்டு குண்டு. ஓடுகிறான். ஓடும்போதே காலி மேகசினை உதறி அடுத்ததைச் செருகுகிறான். சுவருக்குப் பின்னே மண்டியிட்டு, தாழ்ந்த சாளரத்தின் வழியே சுடுகிறான். எழுகிறான். மீண்டும் ஓட்டம். இப்போது பின்பக்கம் ஓட வேண்டும். ஆனால் துப்பாக்கியின் வாய் முன்பக்கத்து மண்மேட்டைவிட்டு விலகக்கூடாது! உடல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், நண்டைப்போல் ஓடுகிறான். நெஞ்சு படபடக்கிறது. மூச்சு இரைக்கிறது. குறிமுள் கண்முன் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை அடக்கி, மூச்சைப் பிடித்து, விசையை மெல்ல அழுத்த வேண்டும். நீண்ட ஓட்டம் ஒன்றுக்கு அதிகம் போனால் 32 குண்டு. அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும். முடித்தவன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான்.

உட்கார இடமுண்டா? இல்லை. அடுத்தவன் ஓடுமுன் அட்டைகளிலுள்ள ஓட்டைகளை ஒட்ட வேண்டும். விழுந்த இரும்புகளை நிமிர்த்த வேண்டும். குழுவிலே உள்ள எல்லாரும் ஒட்டுவார்கள். பரிசு பெற்றவனும் பசை நாடாவோடுதான் நடப்பான்! அரை நிமிட ஓட்டம். அரை மணி நேர வேலை. இப்படியே நண்பகல் வரை, நண்பகலிலிருந்து மாலை வரை. சாப்பிட உட்காருமுன் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். வெடிமருந்துப் புகையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. அது சோற்றோடு வயிற்றுக்குள் போகக்கூடாது.

மாலையிலே உடல் தளரும். அப்போதுதான் உண்மையான பரீட்சை. காலையிலே விதியைக் காப்பது எளிது. களைத்த கை, வியர்த்த உள்ளங்கை, 'இதுதானே கடைசி ஓட்டம்' என்ற நினைப்பு இவை மூன்றும் சேரும்போது காப்பதுதான் ஒழுங்கு.

வெல்பவனுக்கும் விதி உண்டு

அந்த விதிகள்தாம் என்ன? கூப்பர் அவற்றை நான்காகச் சுருக்கினார். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருப்பதாகவே கொள். அழிக்க விரும்பாத எதன்மேலும் அதன் வாயைத் திருப்பாதே. குறி கண்ணிலே நிற்கும்வரை விசைமேல் விரலை வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னே என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள். நான்கே விதி! எழுத்தறியாதவனும் மனப்பாடம் செய்யலாம்.

போட்டிக் களத்திலே இவை வெறும் உபதேசங்கள் அல்ல. துப்பாக்கி கைநழுவி விழுந்தால் போட்டியிலிருந்தே விலக்கு. விழுந்ததை அவன் எடுக்கவும் கூடாது. கண்காணிப்பாளர் எடுத்துச் சோதிப்பார். ஓடும்போது விரல் விசைக்காப்புக்குள் இருந்தால் விலக்கு. வாய் எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பினால் விலக்கு. தன் முறை வராதபோது துப்பாக்கியைத் தொட வேண்டுமானால் அதற்கென்று ஒதுக்கிய இடம் உண்டு. அங்கே தோட்டாவைக் கையாளக்கூடாது.

'ஐயா, நான் உலக வீரன். ஆயிரம் மைல் கடந்து வந்தேன். ஒரு முறை மன்னியுங்கள்' என்றால்? மன்னிப்பில்லை! பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். 'நில்' என்ற ஒரு சொல் கேட்டால் எப்பேர்ப்பட்டவனும் அசையாமல் நிற்க வேண்டும். திறமை வளர வளர விதி தளரும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

வேலிக்கு அப்பால்

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை மறைத்தால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். இந்த விளையாட்டு பிறந்த அதே அமெரிக்க நாட்டிலே, 2021ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். எண்ணிப் பாருங்கள்! மண்மேட்டுக்குள்ளே, விரல் ஓர் அங்குலம் இடம் மாறினால் வெளியே போ என்கிறார்கள். மண்மேட்டுக்கு வெளியே, துயரத்திலே துவண்டவன் கைக்கும் ஆத்திரத்திலே அறிவிழந்தவன் கைக்கும் அதே கருவி எளிதிலே எட்டுகிறது.

'பார்த்தீர்களா, பயிற்சி இருந்தால் ஆபத்தில்லை. ஆகவே எல்லாரிடமும் துப்பாக்கி இருக்கட்டும்' என்பார் சிலர். அந்த வாதம் நிற்காது. களத்திலே ஆபத்தைத் தடுப்பது பயிற்சி மட்டும் அன்று. பயிற்சி பெற்றவன் பக்கத்திலும் ஒரு கண்காணிப்பாளர் நிற்கிறார்! கட்டளை இல்லாமல் தோட்டா ஏறாது. ஆட்டம் முடிந்ததும் காலி என்று காட்டாமல் துப்பாக்கி உறைக்குள் போகாது. மிகச் சிறந்தவனையும் நம்பி விட்டுவிடாத ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை வேலிக்குள்ளே விட்டுவிட்டு, கருவியை மட்டும் வீதிக்குக் கொண்டுவந்தால் விளைவு என்னவாகும் என்பதை மேலே சொன்ன எண்ணிக்கையே சொல்கிறது.

இன்னொரு பக்கத்தாரும் உண்டு. 'துப்பாக்கியைத் தொட்டவன் எவனும் கொலைகாரன்' என்பர் அவர்கள். அதுவும் தவறு. வெயிலிலே வெந்து, ஓட்டை ஒட்டி, விதிக்குத் தலைவணங்கி, தோற்றால் வென்றவனிடம் கற்றுக்கொள்ளும் மனிதனைக் கொலைகாரன் என்பது அநீதி. அவனை எதிரியாக எண்ணாமல், 'உன் களத்துச் சட்டத்தை ஊருக்கும் சொல்' என்று கேட்பதே முறை. அதைச் சொல்லும் தகுதி அவனுக்குத்தான் அதிகம்.

தோழர்களே, பாட்டாளி ஏட்டிலே இதற்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லுங்கள். கொதிகலனானாலும் சரி, மின்விசையானாலும் சரி, துப்பாக்கியானாலும் சரி, உயிரெடுக்கும் வலிமையுள்ள எந்தக் கருவியையும் தனி மனிதனின் திறமையை மட்டும் நம்பி விட்டுவிடலாகாது. கைப்பழக்கம் வேண்டும், 'நில்' என்று சொல்ல ஒருவர் வேண்டும், சொன்னால் நிற்கும் மனமும் வேண்டும். அடுத்த முறை கொட்டகையிலே அந்தக் கசங்காத சட்டைக்காரன் இடுப்பிலிருந்து சுடும்போது, பக்கத்திலே இருக்கும் உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: 'இவன் 21 அடியிலே ஒரு பலூனைக்கூட உடைக்கமாட்டானடா!'