சுட்ட கணக்கும் பார்த்த கணக்கும்

ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் போகும் வழியில், கோதுமையும் கடுகும் விளையும் சமவெளியில் இருக்கிறது பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் பூங்காவில், சிவன் கோயிலை ஒட்டி, வேட்டைக் கணக்கைச் செதுக்கிய கற்பலகைகள் நிற்கின்றன. தேதி, விருந்தினர், துப்பாக்கிகள், விழுந்த பறவைகள் என்று வரிசையாகப் படிக்கலாம். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ வந்திருந்தார். அந்த ஒரு நாளில் விழுந்தவை 4,273 பறவைகள்.

இந்தச் சதுப்பு நிலமே வாத்து வேட்டைக்காக உருவானதுதான். மழைநீர் தேங்கும் பள்ளத்தில் கரையும் மதகும் அமைத்து, அஜான் அணைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார் பரத்பூர் மகாராஜா. தண்ணீரைத் தேடி, இமயம் தாண்டி வரித்தலை வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் கூட்டங்கூட்டமாக இறங்கின. சுதந்திரத்துக்குப் பின் அந்தத் தண்ணீரை வயலுக்கு விடச் சொன்னார்கள் சுற்றுப்புற விவசாயிகள். பறவையியலாளர் சாலிம் அலி, பிரதமர் நேருவிடம் வாதாடிச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றினார்.

இன்று துப்பாக்கிச் சத்தம் இல்லை. 1982-இல் தேசியப் பூங்காவானது. 1985-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. பனி மூடிய காலையில் ரிக்‌ஷாக்கள் உள்ளே போகின்றன. ரிக்‌ஷா ஓட்டுபவரே வழிகாட்டி. கருவேல மரத்தில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஆந்தையைச் சட்டென்று காட்டிவிடுவார். பார்த்த பறவைகள் உடனே கைபேசிப் பட்டியலில் ஏறுகின்றன. எண்ணும் ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் காவல் போட்டதால் எல்லாம் நேராகிவிடவில்லை. 1982-இல் மேய்ச்சலைத் தடை செய்தபோது கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எருமைகள் வெளியேறிய பின் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை அடைத்தது. வாத்துகளுக்கு எருமையும் தேவைதான் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். 1960-களில் இருநூறு வரை வந்த சைபீரியக் கொக்குகள் குறைந்துகொண்டே போயின. 2001-02 குளிர்காலத்தில் வந்த ஜோடிதான் கடைசி. வழியெங்கும் வேட்டையும், வற்றிப்போன நீர்நிலைகளும் இருக்க, பரத்பூரில் மட்டும் வேலி போட்டு என்ன பயன்?

இன்றைய பெருங்கவலை தண்ணீர். கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை வந்தபின் வரத்து சுருங்கியது. இப்போது சம்பல் தண்ணீர் குழாய் வழியாக வருகிறது. கோவர்தன் வடிகாலிலிருந்தும் எடுக்கிறார்கள். வேட்டையை நிறுத்த ஓர் உத்தரவு போதுமாக இருந்தது. தண்ணீருக்கோ விவசாயியோடும் குடிநீர்த் தேவையோடும் ஆண்டுதோறும் பேச வேண்டியிருக்கிறது. ஆவணியில் மதகு வழியாக எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தே மார்கழியில் பறவைப் பட்டியல் நீளும்.