வண்டியைக் கண்டு அஞ்சும் நாய்க்குட்டி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பயணம் என்பது வாழ்க்கையோடு உடன்பிறந்தது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஊர்ப் பயணம். திருமணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு என்று இடையிடையே பயணம். மாற்றல் உத்தரவு வந்துவிட்டாலோ, தட்டுமுட்டுச் சாமான்களுடன் வேறோர் ஊருக்கே பயணம். மும்பையிலும் பெங்களூரிலும் புதுதில்லியிலும் உள்ள தமிழர் இல்லங்கள் பலவற்றில் இந்நாளில் நாயும் குடும்பத்தில் ஒன்றாக வளர்ந்து வருகின்றது. குழந்தைகள் அதற்குப் பெயரிட்டுக் கொஞ்சுகின்றனர். பாட்டியார் தம் தயிர்ச்சோற்றில் ஒரு கவளத்தை அதற்கென எடுத்து வைக்கின்றார். ஆயினும், புறப்படும் நாளன்று மோட்டார் வண்டியின் கதவைத் திறந்த மாத்திரத்தில் அக்குட்டி கட்டிலின் அடியில் சென்று பதுங்கிக்கொள்ளுமாயின், அக்குடும்பத்தார் என் செய்வர்?

இவ்வினா சிறியதன்று. வண்டியில் ஏற அஞ்சும் நாய் முதலில் ஊர்ப் பயணத்தினின்றும் விலக்கப்படுகின்றது. அடுத்து, கால்நடை மருத்துவரிடம் செல்வது இன்று நாளை எனத் தள்ளிப் போகின்றது. வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசி தவறினால் நாய்க்கு மட்டுமன்றி, வீட்டில் உள்ளோர் அனைவருக்குமே அபாயம் உண்டாகும். முடிவில் மாற்றல் வரும்போது, காவற்காரரிடம் சில நாட்களுக்கென்று ஒப்படைக்கப்பட்ட நாய் தெரு நாயாகிவிடுவதை நம் குடியிருப்புகளிலேயே காண்கின்றோம். பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த மசோதாவே அச்சட்டத்திற்கு வித்திட்டது. 1962ஆம் ஆண்டில் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும் அவ்வம்மையாரே. வாயில்லா உயிர்களுக்காக மன்றத்தில் வாதாடிய அம்மையாரை நம்மவர் என்று பெருமை கொள்ளும் நாம், நம் வீட்டுக் குட்டியின் அச்சத்தைப் போக்க நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குதல் அரிதாகுமோ?

அச்சத்தின் வேர்

வண்டியில் ஏற மறுக்கும் குட்டியைப் பிடிவாதம் உடையது எனச் சிலர் ஏசுவர். குட்டியின் பட்டறிவைச் சற்று எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். தாயின் மடியில் உடன்பிறந்தாருடன் உறங்கிக்கொண்டிருந்த அதனை ஒருநாள் யாரோ ஒருவர் தூக்கி வண்டியில் ஏற்றினார். அன்று தொட்டு அது தன் தாயைக் காணவில்லை. இரண்டாம் முறை வண்டியில் சென்றபோது மருத்துவமனையில் ஊசி குத்தினர். மூன்றாம் முறை நெடுவழிப் பயணத்தில் குமட்டல் எடுத்து வாந்தி வந்தது. அதன் கணக்கில் வண்டி என்பது பிரிவு, வலி, குமட்டல் ஆகிய மூன்றையும் கொண்டுவரும் ஒரு பொறி. அதற்கு அஞ்சுதல் அறிவின் அடையாளமேயன்றிக் குறும்பின் அடையாளம் அன்று.

இளங்குட்டியின் உட்செவியில் உடலின் நிலையை உணர்த்தும் உறுப்பு இன்னும் முதிர்ந்திராது. ஆதலால் வளர்ந்த நாயைக் காட்டிலும் குட்டிக்குப் பயணக் குமட்டல் மிகுதி. ஏறக்குறைய ஓராண்டு நிரம்பும்போது பல குட்டிகளுக்கு இக்குமட்டல் தானே நீங்கிவிடும். ஆனால் உடல் மறந்ததை உள்ளம் மறவாது. குமட்டல் போன பின்னும் அதனால் விளைந்த அச்சம் எஞ்சி நிற்பது உண்டு. எனவேதான் தொடக்கத்திலேயே கருத்துச் செலுத்துதல் வேண்டும் என்கின்றோம். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரை உள்ள காலம், புதியனவற்றைக் குட்டியின் உள்ளம் எளிதில் ஏற்றுக்கொள்ளும் பருவமாகும். அப்பருவத்தில் இனிதாகப் பழகியது வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் இனிதாகவே இருக்கும். அப்பருவம் கடந்த குட்டியும் பழகும். நாட்கள் மட்டுமே கூடுதலாகும்.

குமட்டலையும் அச்சத்தையும் பிரித்தறிதல் முதற்கடமை. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் அமைதியாக இருந்து, ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் உமிழ்நீர் வடித்து, உதட்டை நக்கி, வாந்தி எடுக்கும் குட்டிக்குக் குமட்டலே முதன்மை. வண்டியைக் கண்ட அளவிலேயே வாலை ஒடுக்கி, காதைப் பின்னுக்கு மடக்கி, நடுங்கி, உறக்கமின்றியே கொட்டாவி விடும் குட்டிக்கு அச்சமே முதன்மை. இரண்டும் கலந்து வருதலும் உண்டு. குமட்டல் இருப்பின் மருத்துவரைக் கலந்த பின்னரே பழக்கத்தைத் தொடங்குதல் நலம். ஓட்டும் ஒவ்வொரு முறையும் வாந்தி வருமாயின் எத்துணைப் பழக்கமும் பயன் தராது.

அறிஞர் கண்ட வழி

அச்சத்தை நீக்கும் முறை நெடுங்காலம் ஆராயப்பட்ட ஒன்று. 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனின் அச்சத்தைப் போக்கிய வரலாற்றை வெளியிட்டார். சிறுவன் விருப்பமான உணவை உண்டுகொண்டிருக்கையில், முயலைக் கூண்டில் வைத்துத் தொலைவில் காட்டினர். அவன் கலங்காத அளவில் நாளுக்கு நாள் அதனை நெருங்கக் கொணர்ந்தனர். இறுதியில் அவன் முயலைக் கையால் தொட்டு விளையாடினான். பின்னர் தென்னாப்பிரிக்க மருத்துவரான ஜோசப் வோல்பி, கூண்டிற்கு அஞ்சிய பூனைகளுக்கு முதலில் வேறோர் அறையில் உணவு தந்து, சிறிது சிறிதாகக் கூண்டிருந்த இடம்வரை கொணர்ந்து அச்சம் நீக்கினார். 1958இல் தாம் கண்ட முறையை நூலாக எழுதினார். இவர்தம் ஆராய்ச்சியின் சாரம் இதுவே: அஞ்சப்படும் பொருளை அச்சம் எழாத சிற்றளவில் காட்டுக, அதனுடன் இன்பம் தரும் ஒன்றைச் சேர்த்துத் தருக, உள்ளம் அமைந்த பின்னரே அளவை உயர்த்துக.

படிப்படியாக

முதற்படியில் வண்டி அசைதல் கூடாது, எஞ்சினும் ஓடலாகாது. நிழலான இடத்தில் வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, குட்டியைக் கயிற்றுடன் அதன் அருகே உலாவவிடுக. அது தானாக முகர்ந்து பார்க்குமாயின், வேகவைத்த கோழி இறைச்சித் துணுக்கோ, சைவ இல்லமாயின் பனீர்த் துணுக்கோ, அவித்த காரட்டோ தருக. சாக்லேட்டும் திராட்சையும் வெங்காயம் கலந்த பண்டங்களும் நாய்க்கு நஞ்சாவன. அவற்றைத் தருதல் ஆகாது. இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்புக.

இரண்டாம் படியில், குட்டி படுத்துப் பழகிய துணியை இருக்கையில் விரித்து அதன்மேல் உணவு தருக. மூன்றாம் படியில் கதவை மூடி ஒரு நிமிடம் உடன் அமர்ந்திருக்க. நான்காம் படியில் எஞ்சினை முடுக்கி, வண்டி நின்ற நிலையிலேயே உணவு தந்து, பின் நிறுத்துக. ஐந்தாம் படியில் வாயிலிலிருந்து தெருமுனை வரை மட்டும் மெல்ல ஓட்டுக. அதன் பின்னர் ஒரு கிலோமீட்டர். அதன் பின்னர் பூங்கா அல்லது அன்பர் இல்லம். சென்றடையும் இடம் இனிதாக இருத்தல் வேண்டும். மருத்துவமனைக்கு மட்டுமே வண்டியில் சென்ற நாய் வண்டியை வெறுக்குமேயன்றி வேறென்ன செய்யும்?

ஒரு படியினின்று அடுத்த படிக்குச் செல்லும் காலத்தை அறிவது எங்ஙனம்? இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. கலங்கிய குட்டி தான் மிக விரும்பும் உணவையும் உண்ணாது. நீட்டிய துணுக்கை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்புமாயின், நாம் விரைந்துவிட்டோம் என்பது பொருள். உடனே முந்திய படிக்குத் திரும்புதல் வேண்டும். மனமகிழ்ந்து உண்டு வாலை ஆட்டுமாயின், மறுநாள் ஒரு படி ஏறலாம்.

எம் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தார், கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இராஜபாளையத்துக் குட்டி ஒன்றைக் கொணர்ந்தனர். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நம் நாட்டு நாயினங்களுள் அதுவும் ஒன்று. வேட்டை நாயின் வழிவந்த அக்குட்டி, வண்டிக் கதவின் ஓசை கேட்டதும் மாடிப்படியின் கீழ் ஒளிந்துகொள்ளும். ஆறாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டுப் பெண் ஒரு பழைய குறிப்பேட்டில் நாள்தோறும் எந்தப் படி, எத்தனை துணுக்கு உண்டது என்று எழுதி வந்தாள். முதல் மூன்று படிகள் எட்டு நாளில் முடிந்தன. எஞ்சினை முடுக்கிய ஒன்பதாம் நாளில் குட்டி உணவைத் தொடவில்லை, மறுநாளும் அப்படியே. தந்தையார் அவசரப்பட்டபோது, “குறிப்பேட்டில் உண்ணவில்லை என்றுதானே இருக்கிறது, அப்பா!” என்று அச்சிறுமி தடுத்தாளாம். குட்டியை வண்டியிலிருந்து இருபது அடி தள்ளி நிறுத்தி, எஞ்சின் ஓசை கேட்கையில் பனீர் தந்து, நாள்தோறும் ஓரடி ஈரடியாக நெருங்கினர். இருபத்தாறாம் நாளன்று அது தெருமுனை வரை சென்று திரும்பியது. அவ்வாண்டு தீபாவளிக்கு அக்குடும்பம் முழுமையாகவே ஊருக்குச் சென்றது.

செய்யத் தகாதன

இழுத்துக்கொண்டு போய் வண்டியில் திணித்தலும், அடித்தலும், அதட்டலும் அச்சத்தை இரட்டிப்பாக்கும். “நாலு முறை ஏற்றினால் தானே சரியாகும்” என்று நெடும்பயணத்தில் அழைத்துச் செல்வதும் தவறே. அஞ்சும் குட்டியைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்ற பழைய எண்ணத்தை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. அச்சம் என்பது பரிசு கருதிச் செய்யும் செயல் அன்று. நம்மை நாடி வரும் குட்டியை அணைத்து ஆறுதல் தருதலில் தீங்கில்லை. மனிதருக்குரிய மாத்திரைகளை நாமே உடைத்துத் தருதல் மட்டும் ஒருபோதும் கூடாது. வாந்தியைத் தடுக்கவும் அச்சத்தைத் தணிக்கவும் நாய்களுக்குரிய மருந்துகள் உள. அவற்றையும் வயது, எடை அறிந்து மருத்துவரே தருதல் வேண்டும். உடலை மட்டும் தளர்த்தி, அச்சத்தை உள்ளேயே விட்டுவிடும் மயக்க மருந்துகளும் இருத்தலின், எது எதற்கு என்பதைக் கேட்டறிதல் நம் கடமை.

புறப்படும் நாளில்

பயணத்திற்கு மூன்று மணி நேரம் முன்பாகவே சிறிதளவு உணவளித்துவிடுக; நீர் தருதலை நிறுத்த வேண்டா. புறப்படுமுன் சிறிது உலாவவிடுக. வண்டியில் குட்டிக்குரிய இடம் பின்னிருக்கையே. மார்புப் பட்டை அணிவித்து இருக்கைப் பட்டையுடன் பிணைக்கலாம். நன்றாகக் கட்டப்பட்ட கூண்டில் துணி விரித்தும் அமர்த்தலாம். ஓட்டுபவர் மடியில் குட்டி இருத்தல் அனைவர் உயிர்க்கும் ஆபத்து. சாளரத்தின் வழியே தலையை நீட்டவிடுதலும் கண்ணுக்கும் உயிருக்கும் தீங்கு. காற்று வர ஓரளவே திறந்தால் போதும். மும்பையிலிருந்து புனே செல்லும் மலைவழி போன்ற வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, இரண்டு மணிக்கொருமுறை நிறுத்தி நீர் தருக. தடுப்பூசிகள் நிறைவுறாத குட்டியை வழியோர உணவுக்கடைகளின் முன்னே பிற நாய்கள் திரியும் மண்ணில் இறக்கிவிடலாகாது. கொடிய கழிச்சல் நோய் மண்ணின் வழியாகவும் தொற்றும்.

எக்காரணம் பற்றியும் மூடிய வண்டியில் குட்டியைத் தனியே விட்டுச் செல்லற்க. 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 செல்சியஸ் பாகை உயர்வதையும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நிகழ்வதையும் அளந்து காட்டியது. சாளரத்தைச் சிறிது திறந்து வைத்ததால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. காப்பி அருந்திவிட்டு வருவதற்குள் ஓர் உயிர் போய்விடும். ஒருவர் வண்டியருகே குட்டியுடன் இருக்க, மற்றவர் முறை வைத்து உண்டு வருதலே தக்கது.

வேற்றூரில் வாழும் நம் சிறார், புதிய பள்ளியில் முதல் நாளன்று புரியாத மொழியின் நடுவே அஞ்சி நின்றதை நாம் அறிவோம். அவர்களை நாம் கைபிடித்து, ஒரு சொல், இரு சொல் எனப் பழக்கியன்றோ தேற்றினோம்! அதே பொறுமையைக் குட்டிக்கும் காட்டுவோமாக. வரும் விடுமுறைக்கு இன்னும் காலம் இருக்கின்றது. இன்று மாலையே வண்டியின் கதவைத் திறந்து வைத்து, கையில் நான்கு துணுக்குகளுடன் தொடங்கலாம்.