வாகனத்தின் நாடி பார்க்கும் காந்தம்

வாடகைக் கார் ஓட்டி ஹலாலான வருவாயில் குடும்பம் நடத்துவோருக்கு அந்த வாகனமே மூலதனம். எஞ்சின் பழுதுற்றால் அன்றாட வருவாய் நிற்பதோடு, கையிருப்பும் பட்டறைக்குப் போய்விடும். ஆகவேதான், "இந்தக் காந்தத்தைப் பொருத்துங்கள், எஞ்சின் தேயவே தேயாது" என்று கூறி ஒருவர் விற்க வந்தால் மனம் அதில் நாட்டம் கொள்கிறது. அக்கூற்றில் உண்மை எவ்வளவு?

எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் உரசிக் கொள்ளாதவாறு மெல்லிய படலமாக இடையில் நின்று காப்பது எண்ணெய். அப்படலத்தின் கனம் பல இடங்களில் சில மைக்ரான் அளவே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிப்போ ஏறத்தாழ 70 மைக்ரான். எனவே கண்ணுக்குப் புலப்படாத துகளும் அப்படலத்தினுள் புகுந்து உலோகப் பரப்பைக் கீறிவிடும். அக்கீறலிலிருந்து மேலும் துகள்கள் உதிரும்.

ஆயில் ஃபில்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். காகித ஃபில்டர் பெரிய துகள்களை நன்கு தடுக்கும். மிக நுண்ணியவற்றில் ஒரு பகுதி தப்பிவிடும். மேலும், ஃபில்டர் அடைபட்டால் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே எஞ்சினுக்கு அனுப்பும். எண்ணெய் அறவே வராமற்போவதினும் அழுக்கெண்ணெய் மேல் அன்றோ!

காந்தத்தின் பயன் இங்குதான். எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் முனையில் காந்தம் பதிக்கப்பட்டிருந்தால், அருகே வரும் இரும்புத் துகள்களை அது பற்றிக் கொள்ளும். எண்ணெய் ஓட்டத்துக்குத் தடையும் இல்லை. பல நிறுவனங்கள் கியர் பாக்ஸுகளில் தாமே காந்தம் வைக்கின்றன. விமான எஞ்சின்களிலும் இம்முறை உண்டு. அங்கே காந்த முனைகளுக்கிடையே துகள்கள் சேர்ந்து மின்சுற்றை இணைத்தால், விமானியின் முன் எச்சரிக்கை விளக்கு எரியும்.

ஆயினும் காந்தத்துக்கு எல்லைகள் உண்டு. பிஸ்டன் ரிங், கேம் ஷாஃப்ட், சிலிண்டர் சுவர் ஆகியவற்றிலிருந்து உதிரும் இரும்பை அது பிடிக்கும். பிஸ்டனின் அலுமினியத்தையும், பேரிங்குகளின் செம்பு, ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றையும், புழுதியையும், கரியையும் அது தொடாது. சற்றுத் தொலைவு கூடினாலும் ஈர்ப்பு விரைந்து குறையும். ஆற்றல் மிக்க நியோடிமியம் காந்தங்களில் சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும்; ஓடும் எஞ்சினின் எண்ணெயோ 100 டிகிரியை எட்டக்கூடியது. எனவே வெப்பம் தாங்கும் வகையே ஏற்றது. கடையில் கிடைக்கும் காந்தத்தைப் பசையிட்டு எஞ்சினுக்குள் ஒட்டுவது ஆபத்து. கழன்றால் அதுவே பகையாகிவிடும்.

ஆகவே காந்தத்தை மருந்தென்று கருதாமல், நாடி பார்க்கும் விரலென்று கொள்வதே பொருந்தும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் போல்ட்டைத் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள். மை போன்ற நுண்ணிய சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானமே. புதிய எஞ்சினில் அது கூடுதலாகவே இருக்கும். செதில்களோ சில்லுகளோ விரலில் தட்டுப்பட்டால் தாமதமின்றி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வடித்த எண்ணெயில் சிறிது வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பாருங்கள். செம்பு நிற மினுமினுப்புத் தெரிந்தால், காந்தம் காட்டாத பேரிங் தேய்மானம் அது. காந்தம் இருக்கிறதென்று ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும் தவணையைத் தள்ளிப் போடலாகாது.

இன்னொன்றும் நம் சிந்தனைக்குரியது. போல்ட்டில் சில்லுகளைக் கண்டவர், அதைத் துடைத்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றி, "எஞ்சின் சுத்தம்" என்று வண்டியை விற்றுவிட எண்ணலாம். வாங்குபவரும் கடன்பட்டுப் பணம் திரட்டிய ஓர் எளிய குடும்பத்தவராக இருக்கலாம். பண்டத்தின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அக்குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலையைப் பெறுவதே முறையாகும். அத்தகைய நாணயத்தையும் அதில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!