தடைக்கருவியும் கடற்காற்றும்

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் கடலை ஒட்டி நிரலே அமைந்துள்ளன. பண்டைத் தமிழர் நெய்தல் என்று வழங்கிய நிலம் இது. 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் எனத் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய ஊர்தித் தொழிற்சாலை எண்ணூரில் உள்ளது. துறைமுகத்தை நாடிச் செல்லும் பெருஞ்சரக்கு ஊர்திகளின் இடையே, மீனும் பனிக்கட்டியும் ஏற்றிய பழைய வேன்கள் ஓடுவதையும் இங்குக் காணலாம். அத்தகைய வேனின் தடைக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, கடற்காற்று அதற்குச் செய்யும் கேடு யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

ஓட்டுநர் மிதிக்கும் பெடல், மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு குழலினுள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகின்றது. அதனால் அழுத்தப்பெறும் நீர்மம் மெல்லிய குழாய்களின் வழியே சக்கரங்களை அடைந்து, அங்குள்ள சிறு சிலிண்டர்களின் பிஸ்டன்களை வெளியே தள்ளும். உடனே பிறை வடிவான இரண்டு ‘ஷூ’க்கள் விரிந்து, சக்கரத்தோடு சுழலும் ‘டிரம்’மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும். உராய்வினால் வண்டி நிற்கும். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்துக் கொடுத்த அழுத்தம் எப்பக்கமும் குறையாது பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. மாணவர்களே, நீர்மம் எளிதிற் சுருங்காது. காற்றும் ஆவியும் சுருங்கும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க.

இந்நீர்மத்தைப் பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்பர். ஆயில் என்பது எண்ணெய். இஃதோ எண்ணெய் அன்று. கிளைக்கால் இனத்து வேதிப்பொருள். சொல்லாராய்ச்சியிலேயே காலங்கழித்த எமக்கு இப்பிழை வழக்கு வருத்தம் தருவது இயல்பே. ஆயினும் கேடு சொல்லோடு நிற்பதில்லை. பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால், சிலிண்டரினுள் உள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிப் பருத்துக் கெடும். மேலும், எண்ணெய் நீரோடு கலவாது. இந்நீர்மமோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். எண்ணூர்க் கரையில் ஈரத்திற்குக் குறைவேது?

உறிஞ்சப்பட்ட நீர் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். வாஷர் தேய்ந்து கசிவு உண்டாகும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. ‘டாட் 3’ வகையைச் சேர்ந்த புதிய நீர்மத்தின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறைதல் ஆகாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அவ்வரம்பு 140 பாகையாகத் தாழ்கின்றது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை சமதரை. அங்கு ஓடும் வண்டியில் இக்குறை எளிதிற் புலப்படாது. அதே வண்டி ஏற்காட்டிற்குச் சுற்றுலாச் சென்று, சேலம் நோக்கி 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெடலை மிதித்தவாறே இறங்குவதாகக் கொள்வோம். டிரம் கனலும், வெப்பம் நீர்மத்தை எட்டும், குமிழிகள் தோன்றும். ஓட்டுநர் மிதிப்பார், ஆவி சுருங்கும், பெடல் அடிவரை தாழும், வண்டி நில்லாது. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்குக என்று முதிய ஓட்டுநர் கூறுவது இதனாலன்றோ?

தடைக்கருவி தன் நோயைப் பெரும்பாலும் முன்னரே அறிவிக்கும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்துள்ளது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே அது மெல்லத் தாழ்ந்தால், எங்கோ கசிகின்றது. வெளியே ஈரம் காணப்படாவிடின் மாஸ்டர் சிலிண்டரை ஐயுறுக. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிஸ்டன் இறுகியிருக்கலாம். அன்றி லைனிங்கில் நீர்மம் படிந்திருக்கலாம். உலோகம் உரசும் ஒலி கேட்குமாயின் லைனிங் தேய்ந்து, அதன் ரிவெட்டுகள் டிரம்மைக் கீறுகின்றன. டிரம்மைக் கழற்றுவோர் அதிலுள்ள தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; ஈரத்துணியால் துடைத்தலே தக்கது.

நீர்மத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். திறந்து வைத்த டின்னும் ஈரத்தை உறிஞ்சுமாதலின், புதிய டின்னையே வாங்குக. பின்னர் ‘ஏர் எடுத்தல்’ என்னும் பணி நிகழும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிப்பார். மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகினைத் தளர்த்துவார். குமிழியோடு நீர்மம் வெளிப்படும். திருகை மீண்டும் இறுக்கிய பின்னரே பெடலை விடுதல் வேண்டும்; முந்தினால் வெளியேறிய காற்று உட்புகும். பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் இதனைத் தொடங்குவர். குமிழிகள் அற்று, பெடல் காலுக்குக் கல்போல் உறுதியாகும்வரை இதனைத் தொடர்ந்து, அதன்பின் ஆளரவமற்ற திடலில் மெல்ல ஓட்டிப் பார்த்தே வண்டியைச் சாலைக்குக் கொணர்வர்.