கார்த்திகைக்கு முன் கூரையைப் பாருங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆறிவிடும். வேதாரண்யம் பக்கம் வீடு, முன்னால் ஷீட் போட்ட திண்ணை, கொல்லையில் நாலைந்து தென்னை என்கிறீர்கள். புயலுக்கு என்ன செய்து வைக்கலாம் என்று ஆவணியிலேயே கேட்கிறீர்களே, அதுவே பெரிய காரியம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்டால் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், தென்னை ஏறுகிறவரும் கிடைக்கமாட்டார்.

முதலில் காற்று என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கூரையைக் காற்று தள்ளிச் சாய்ப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். தட்டையான கூரை, சரிவு குறைந்த கூரை இரண்டையும் அது மேல்நோக்கி இழுக்கிறது. கூரைக்கு மேலே வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைந்துபோகிறது. உள்ளே இருக்கும் காற்று கீழிருந்து முட்டுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகிறது. நீங்கள் போட்டிருக்கும் தகர ஷீட் அதே ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இருக்காது. மேலே நாலு மணல் மூட்டையை வைத்தால் போதும் என்பதை நான் ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். ஷீட்டைப் பிடித்து நிறுத்துவது ஜே போல்ட்தான்.

அந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடலோர உப்புக்காற்றில் வாஷருக்கு அடியில் துரு தின்றிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஆணி அடித்திருந்தால் பிடுங்கிவிட்டு போல்ட் போடச் சொல்லுங்கள். இழுவிசை நடுக்கூரையைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் மிக அதிகம். ஆகையால் அந்த இடங்களில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடவேண்டும். ஓட்டு வீடானால் ஓரத்து வரிசைகளையும் முகட்டையும் சாந்து வைத்துப் பிடிக்கவேண்டும். ஷீட் எவ்வளவு இறுகியிருந்தாலும் கைமரம் சுவரோடு கட்டப்படாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பயனில்லை. கூரை கைமரத்தோடு சேர்ந்தே கிளம்பிவிடும். சுவரில் இரும்புப் பட்டை பதித்துக் கைமரத்தை இறுக்குங்கள். இன்னொன்று, திண்ணைக்கூரையை வீட்டுக்கூரையின் நீட்சியாக விடாதீர்கள். தனிச் சட்டத்தில் தனியாக நிற்கட்டும். திண்ணையின் அடிப்பக்கம் காற்று புகுந்துகொள்ளும் இடம். அது போனாலும் வீட்டுக்கூரையை இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

கதவு, ஜன்னலைப் பற்றிப் பலர் தவறாகவே நம்புகிறார்கள். உள்ளழுத்தம் வெளியேற ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்பார்கள். கேட்காதீர்கள். காற்று வீசும் பக்கம் ஒரு கதவு உடைந்தால் போதும், வீடு முழுதும் காற்று நிறைந்து கீழிருந்து கூரையை முட்டும், மேலிருந்து இழுப்பும் இருக்கும். எதிர்காற்றில் குடை உட்புறம் வெளியாக மடங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குத்தான். எல்லாவற்றையும் அடைத்து, மேல் தாழ், கீழ் தாழ் இரண்டும் போட்டு, உள்ளே குறுக்குக் கட்டை கொடுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு பிளைவுட் பலகையை இப்போதே அளவெடுத்து வெட்டி எண் எழுதி வையுங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் அது உடையாமல் இருந்துவிடாது.

உயிரைக் காக்கும் விஷயம் ஒன்று உண்டு, கவனமாகக் கேளுங்கள். புயலின் கண் உங்கள் ஊர் வழியே போனால், ஊளையிட்ட காற்று திடீரென்று நின்றுவிடும். முடிந்ததென்று வெளியே வந்து ஓட்டைப் பொறுக்குவார்கள், மாட்டைப் பார்க்கப் போவார்கள். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வங்கக் கடலிலிருந்து மேற்கே வரும் புயலில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது, பிறகு தெற்கிலிருந்து வரும். முதல் காற்றில் ஆட்டங்கண்ட மரமும் சுவரும் இரண்டாவதில் சாயும். வானொலியில் கரை கடந்து முடிந்ததென்று சொல்லும்வரை தாழைத் திறக்காதீர்கள்.

மாட்டைச் சொன்னேனே, புயல் நெருங்கும்போது அவற்றைக் கட்டுத்தறியில் விடாதீர்கள், அவிழ்த்துவிடுங்கள். கட்டிய இடத்திலேயே கொட்டகை சரிந்து செத்துப்போகும். அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போகத் தெரிந்தவை அவை.

தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். காற்றில் அவை குண்டுகளாக மாறும். முருங்கைக் கிளை எளிதில் ஒடியும், கூரைக்கு மேல் நீட்டியிருந்தால் கழித்துவிடுங்கள்.

மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியைக் காலியாக விட்டால் பறந்துவிடும். நிரப்பிவிட்டால் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடையாகி அசையாமல் இருக்கும். அந்தத் தண்ணீர் பின்னால் எவ்வளவு உதவும் தெரியுமா? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபிறகு, மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் குடிக்கத் தண்ணீரில்லை. குடத்திலும் அண்டாவிலும் தனியாகக் குடிநீர் பிடித்து வையுங்கள். பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்கள் கப்பல்களுக்கானவை, அதை வைத்து வீட்டு முடிவை எடுக்காதீர்கள். வானிலைத் துறை எந்தக் கரையில், எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் கடக்கும் என்று சொல்கிறதோ அதைக் கேளுங்கள். கடக்கும் இடத்துக்கு வடக்கே இருந்தால் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று, தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இப்படி எழும்பி வந்த கடல்தான். கடல் எழும்பும் என்ற அறிவிப்பு வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு மேட்டிலிருக்கும் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். நன்றாகக் கட்டிய வீடும் கடலுக்கு முன் நிற்காது. கிளம்புமுன் மெயின் சுவிட்சை இறக்குங்கள், காஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

ரேஷன் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை, தென்னையை, மாட்டை இப்போதே போனில் படமெடுத்து வையுங்கள். புயலுக்குப் பிறகு, சிதைந்தவற்றை அப்புறப்படுத்துமுன் அதே இடங்களை மறுபடியும் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது அந்த இரண்டு படங்களையும் காட்டலாம்.